எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது?

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் ஏறிக் கதைத்துப் பழக்கம் இல்லாதவன் நான். ஊரில் ஏ.எல். வரை படித்தேன், அதோடு படிப்பு நின்றது. இங்கே ஸ்ருட்காட்டுக்குப் பக்கத்தில், வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெசின் வேலை. ஒரு கிழமை காலை வேலை, ஒரு கிழமை பின்னேர வேலை, ஒரு கிழமை இரவு வேலை. போன மாதம் தலைவர் அண்ணை என்னைக் கண்டு, "தம்பி, புதிசா வந்த பெடியள் லைசன்ஸ் எடுக்கிறதுக்கு அந்தரப்படுகினம். நீ ஒருக்கா றோட்டுச் சட்டங்களைப் பற்றிக் கதைச்சுவிடு" என்றார்.

சட்டம் சொல்லித்தர ஓட்டப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. நான் அதற்கு வரவில்லை. அங்கே ஊரிலும் இங்கே ஜேர்மனியிலும் றோட்டிலே சனம் எப்படி நிற்குது, எப்படிப் போகுது, ஒருவருக்கு ஒருவர் என்ன சைகை காட்டுது என்பதில் நான் பட்டதையும், படாமல் தப்பியதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கடைசியில் என் மகளைப் பற்றி ஒரு விசயம் சொல்லுவேன். அதைச் சொல்லுவதற்காகத்தான் தலைவர் அண்ணைக்கு ஓம் என்றேன்.

என் ஊர் தென்மராட்சி. கண்டி வீதியில் இருந்து ஒரு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு என்று ஒன்றை நான் கண்டதில்லை. முதன்முதலில் கண்டது கொழும்பில். ஆனால் நிற்பதற்கு எங்களுக்கு நன்றாகப் பழக்கியிருந்தார்கள். 2006 இல் பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு, நான் ஏ.எல். படித்த 2007, 2008 ஆம் ஆண்டுகளில், சென்றி வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பக்கம் போய்த்தான் திரும்ப ஏறலாம். ஆமியின் கொன்வே வருகிறது என்றால் விசில் ஊதுவான், கையை நீட்டுவான். றோட்டின் இரண்டு கரையிலும் சனம் நிற்கும். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே. சோதனை எழுதப் போகிற பிள்ளையும் நிற்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவியும் நிற்கும். அந்தக் கை இறங்கினால்தான் எங்களுக்குப் பச்சை.

ஆகவே "நில்" என்பது எனக்கு ஒரு ஆளின் கை. மற்றக் கையில் துவக்கு இருந்தது. கையும் துவக்கும் இல்லாத இடத்தில் நிற்பதற்கு ஒரு காரணமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சும்மா கிடக்கிற சந்தியில் ஒருவன் தானாக நின்றால் அவனை விசரன் என்றுதான் சொல்லியிருப்போம்.

இந்தப் பழக்கத்தோடுதான் 2010 மார்கழியில் இங்கே வந்து இறங்கினேன். அகதி வழக்கு விசாரணைக்குக் கூப்பிட்ட நாள், முதல் ரயிலைப் பிடிக்க விடிய ஐந்து மணிக்கு ஹைமில் இருந்து வெளிக்கிட்டேன். முழங்காலுக்குக் கிட்ட ஸ்னோ. றோட்டில் ஒரு கார் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. சந்தியில் நடந்து கடக்கிறவர்களுக்கான விளக்கு சிவப்பாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வயது போன வெள்ளைக்காரர், கையில் பையோடு, அசையாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைத் தாண்டி நான் பாட்டுக்குக் கடந்தேன். பின்னால் இருந்து அவர் ஏதோ சொல்லி, கம்பத்தில் இருந்த ஒரு சின்னப் பலகையைக் காட்டினார். எனக்கு அப்போது டொச் ஒரு சொல்லும் தெரியாது. ஏசுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

நாலு வருசத்துக்குப் பிறகு அதே மாதிரிப் பலகையை இன்னொரு சந்தியில் வாசித்தேன். நீங்களும் கண்டிருப்பீர்கள். "பச்சைக்கு மட்டும் கடவுங்கள், பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக" என்பது அதன் கருத்து. சிவப்பில் நடந்து கடந்தால் இங்கே தண்டம் 5 ஐரோதான். அந்த ஐந்து ஐரோவுக்குப் பயந்து அந்தக் கிழவர் நிற்கவில்லை. அந்த நேரத்தில் பார்க்கிறதுக்கு அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. இருந்தும் நின்றார். அது ஏன் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

இந்த விளக்கின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கும் பயன்படும். முதல் விளக்கை 1868 மார்கழியில் லண்டனில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். ரயில் பாதைக் கைகாட்டியைப் பார்த்துச் செய்தது. இரவில் சிவப்பும் பச்சையுமாகக் காஸ் விளக்கு எரியும். ஒரு பொலிஸ்காரர் கீழே நின்று அதைத் திருப்புவார். அடுத்த மாதமே காஸ் வெடித்து அந்தப் பொலிஸ்காரர் காயப்பட்டார். மின்சார விளக்கு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1914 ஓகஸ்ட் 5 ஆம் திகதி வந்தது. ஜேர்மனியில், பெர்லின் பொட்ஸ்டாமர் பிளாற்ஸில் 1924 இல் ஒரு கோபுரம் கட்டினார்கள். அதற்கு மேலே ஒரு பொலிஸ்காரர் இருந்துகொண்டு விளக்கை மாற்றினார். கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்பவர் 1961 இல் கீறிய தொப்பி போட்ட குட்டி மனிதனைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். பல நாடுகள் கூடி 1968 இல் வியன்னாவில் றோட்டுக் குறிகளுக்கு ஒரு பொது உடன்படிக்கை செய்தன.

இதில் நான் கவனித்தது ஒன்று. இவர்களுக்கும் முதலில் ஆள்தான் நின்றது. பிறகு ஆள் போய்விட்டது, விளக்கு மட்டும் மிஞ்சியது. ஆனால் சனம் தொடர்ந்து நின்றது. எங்களுக்கு அந்த இடைக்காலம் கிடைக்கவில்லை. துவக்கு பிடித்த கையில் இருந்து ஒரே விமானத்தில் ஆளில்லாத விளக்குக்கு வந்து சேர்ந்தோம்.

சரி, லைசன்ஸ் கதைக்கு வருவோம். புதிதாக வந்த தம்பி, தங்கைமார் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இலங்கை லைசன்ஸ் இங்கே பதிந்து வாழத் தொடங்கி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு ஓடினால், லைசன்ஸ் இல்லாமல் ஓடினதாகத்தான் கணக்கு. அது சின்னத் தண்டம் இல்லை, குற்றவழக்கு. தெரிந்துகொண்டு கார் குடுத்த ஆளுக்கும் வழக்கு உண்டு. "மச்சான், கடைக்குத்தானே, ஒருக்கா தா" என்று கேட்டால், உங்கள் மச்சானாக இருந்தாலும் குடுக்காதீர்கள்.

எழுத்துச் சோதனையும் ஓட்டச் சோதனையும் இரண்டும் எடுக்க வேண்டும். எழுத்தில் 30 கேள்வி. பிழைப் புள்ளி பத்துக்கு மேலே போனால் பெயில். ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு பிழைத்தாலும் பெயில். தமிழில் எழுத முடியாது. நான் 2014 இல் டொச்சில் எழுதினேன். முதல் தரம் பெயில், இரண்டாம் தரம் ஒரு பிழையும் இல்லாமல் பாஸ். வீட்டுக்கு வந்து மனிசிக்கு அந்தக் கடதாசியைக் காட்டி, "இனி இந்த நாட்டு றோட்டில எனக்குத் தெரியாத ஒண்டும் இல்லை" என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு நடந்தவற்றைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

முதலில் மஞ்சள் விளக்கு. இங்கே சிவப்பில் இருந்து பச்சைக்குப் போக முதல் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும். அது "ஆயத்தமாகு" என்பது, "போ" என்பது அல்ல. பச்சையில் இருந்து சிவப்புக்குப் போகும்போது மஞ்சள் தனியாக எரியும். ஊருக்குள்ளே 50 கிலோமீற்றர் வேகம் உள்ள இடத்தில் அது 3 விநாடி. 50 இல் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். மஞ்சளைக் கண்டதும் அமத்திப் போகலாம் என்று எங்கள் கால் நினைக்கும். சிவப்பு விழுந்து ஒரு விநாடிக்குள் போனால் 90 ஐரோவும் ஒரு புள்ளியும். ஒரு விநாடி தாண்டினால் 200 ஐரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதம் கார் ஓட முடியாது. எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசன்ஸே போய்விடும்.

அடுத்தது, வலப்பக்கத்தால் வருகிறவருக்கு வழி விடுவது. விளக்கும் பலகையும் இல்லாத சந்தியில், எந்த றோட்டு பெரியது என்று பார்ப்பதில்லை. 30 போட்ட வலயங்களில் பெரும்பாலும் இந்தச் சட்டம்தான். ஊரில் ஒழுங்கையால் வருகிறவன்தான் நிற்பான், பெரிய றோட்டால் வருகிறவன் போவான். அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. பெரிய வாகனத்துக்கு வழி. பஸ்ஸுக்கு வான் விடும், வானுக்கு ஓட்டோ விடும், ஓட்டோவுக்கு சைக்கிள் விடும், சைக்கிளுக்கு நடக்கிறவன் விடுவான். இங்கே வலப்பக்க ஒழுங்கையால் சைக்கிளில் வரும் கிழவிக்காக நாற்பது தொன் லொறி நிற்க வேண்டும். அந்தக் கிழவி திரும்பிப் பார்க்காமலே வருவா. நிற்பார்கள் என்று அவவுக்குத் தெரியும்.

மூன்றாவது, வெளிச்சம் அடிப்பது. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு மாரிகாலப் பின்னேரம். இரண்டு கரையிலும் கார் நிறுத்திய ஒடுங்கிய றோட்டு, ஒரு கார் போகத்தான் இடம். எதிரே வந்தவர் இரண்டு தரம் லைற் அடித்தார். ஊரில் அதற்கு ஒரே கருத்துத்தான்: "நான் வாறன், நீ நில்." நான் நின்றேன். அவரும் நின்றார். திரும்ப அடித்தார். ஆள் அவசரக்காரர் போலே என்று நான் இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தேன். கடைசியில் அவர் மெல்ல வந்து கண்ணாடியை இறக்கி, "நான் உமக்கல்லவா வழி விட்டேன், ஏன் போகவில்லை?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பின்னால் ஐந்து கார் நின்றது.

இங்கே சட்டப்படி லைற் அடிக்கக்கூடியது இரண்டுக்குத்தான்: ஆபத்து என்று எச்சரிக்க, ஊருக்கு வெளியே முந்தப்போகிறேன் என்று காட்ட. ஆனால் பழக்கத்தில் "நீங்கள் போங்கோ" என்பதற்கும் அடிக்கிறார்கள். அதே வெளிச்சம், அதே இரண்டு தரம், கருத்து மட்டும் தலைகீழ். எங்கள் பெடியன் ஒருவன் ஊர்க் கருத்தில் "நான் வாறன்" என்று அடிக்க, எதிரே வருகிறவர் "வழி விடுகிறான்" என்று நினைத்து இறங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இங்கே வெளிச்சத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவர் நின்றுவிட்டாரா, கையும் காட்டுகிறாரா என்று பார்த்துப் போங்கள்.

ஹோண் அடிப்பதும் அப்படித்தான். ஊரில் ஹோண் ஒரு பேச்சு. முந்தும்போது அடிப்போம், வளைவில் அடிப்போம், தெரிந்தவரைக் கண்டால் அடிப்போம். இங்கே ஹோண் அடித்தால் சனம் அதை ஏச்சாகத்தான் எடுக்கும். இதை மனதில் வைத்திருங்கள், பிறகு திரும்ப வருவேன்.

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விசயம் இல்லை. 2015 ஆம் ஆண்டு, மகள் பிறந்து துடக்குக்கூடக் கழிக்கவில்லை. இரவு வேலை முடித்து வந்து, குழந்தைக்குப் பம்பேர்ஸ் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனேன். காலை ஏழரை மணி. சந்தியில் எனக்குப் பச்சை. நான் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பச்சை எரிந்தது, திருப்பினேன். அவ்வளவுதான். காரின் மூக்குக்கு முன்னால், வலக்கரையால் நேரே போய்க்கொண்டிருந்த ஒரு பெடியன், பத்துப் பதினொரு வயது இருக்கும், முதுகில் புத்தகப் பை, சைக்கிளில். எப்படிப் பிறேக் அமத்தினேன் என்று தெரியாது. அவனுடைய சில்லுக்கும் என் காருக்கும் இடையில் ஒரு சாண்.

பிழை முழுக்க என்னுடையது. எனக்குப் பச்சை எரியும் அதே நேரம், எனக்குப் பக்கத்தில் நேரே போகிற சைக்கிளுக்கும் நடக்கிறவருக்கும் பச்சைதான். திரும்புகிறவர் அவர்களை விட்டுத்தான் போக வேண்டும். தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஓட்டச் சோதனையில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எழுத்துச் சோதனையில் இந்தக் கேள்வி வந்தது, சரியாக எழுதினேன். ஆனால் அன்றைக்கு நித்திரைத் தூக்கத்தில், பச்சையைக் கண்டதும், என் உடம்பு தனக்குத் தெரிந்த பச்சையைத்தான் கண்டது: கை இறங்கிவிட்டது, வழி எனக்கு, ஓடு.

அந்தப் பெடியன் என்ன செய்தான் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டான். பின்னால் நின்றவர் ஹோண் அடிக்கும்வரை நான் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். அவன் என்னை யார் என்று அறியான். ஆனால் நான் நிற்பேன் என்று நம்பினான். 2010 இல் பனிக்குள்ளே நின்ற அந்தக் கிழவர் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கினார். இப்படி ஒரு பிள்ளை யோசிக்காமல் நம்பிப் போக வேண்டும் என்றால், ஒருவரும் பார்க்காத இடத்திலும் நிற்கிற ஆட்கள் அந்த ஊரில் நிறைய இருக்க வேண்டும்.

இதை என் வேலைத்தலத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். என் மெசினுக்கு மேலேயும் மூன்று நிறத்தில் ஒரு விளக்குத் தூண் இருக்கிறது. பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் வந்து பார், சிவப்பு என்றால் நின்றுவிட்டது. சில வருசத்துக்கு முன் புது மெசின் ஒன்று வந்தது. பழைய மெசினில் வலக்கைப் பக்கம் இருந்த நிறுத்தும் சிவப்புப் பொத்தான், இதில் இடக்கைப் பக்கம். எங்கள் மாஸ்ரர் எல்லோரையும் கூப்பிட்டு, மெசினை ஓடவிடாமல், ஆளுக்கு இருபது தரம் அந்தப் பொத்தானை அமத்த வைத்தார். நாங்கள் சிரித்தோம். "பொத்தான் எங்கே என்று தெரியுமே" என்றோம். "உங்களுக்குத் தெரியும், உங்கள் கைக்குத் தெரியாது" என்றார் அவர்.

சுவீடன் நாடு இதைத்தான் செய்தது. 1967 செப்டெம்பர் 3 ஆம் திகதி வரை சுவீடனில் எங்கள் ஊர் மாதிரி இடப்பக்கத்தால்தான் ஓடினார்கள். அன்று அதிகாலை ஐந்து மணிக்கு முழு நாடும் வலப்பக்கத்துக்கு மாறியது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்க எல்லா வாகனமும் நின்று, மறுபக்கம் ஏறி, அப்படியே காத்திருந்து, ஐந்து மணிக்குப் புறப்பட்டன. பெரிய விபத்தெல்லாம் நடக்கும் என்று பயந்தார்கள். நடந்தது என்ன? முதலில் விபத்து குறைந்தது. ஏனென்றால் எல்லோரும் பயந்து, பார்த்துப் பார்த்துப் போனார்கள். பயம் தெளிந்த பிறகு பழையபடி கூடிவிட்டது. ஆகவே புதுசு என்று தெரிந்த இடத்தில் நாங்கள் கவனமாகத்தான் இருக்கிறோம். தெரியும் என்று நினைத்த இடத்தில்தான் அடிபடுகிறோம்.

படித்தவருக்கும் பெரிய மனிதருக்கும் இது விலக்கு இல்லை. இங்கிலாந்தின் வின்ஸ்ரன் சேர்ச்சில், 1931 மார்கழியில் நியூயோர்க்கில் ஒரு றோட்டைக் கடக்கும்போது, தன் ஊர்ப் பழக்கத்தில் பிழையான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கி, கார் அடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு அப்போது 57 வயது. அமெரிக்காவில் வலப்பக்கத்தால் ஓடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய கழுத்துக்குத் தெரியாது.

இனி என் மகளின் கதை.

எங்களுக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்த பிறகு, 2023 ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு முதன்முதலாகக் குடும்பமாக ஊருக்குப் போனோம். பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு என் அம்மாவைக் கண்டேன். மகளுக்கு எட்டு வயது. அப்பம்மாவை வீடியோவில் மட்டும் கண்ட பிள்ளை. போன முதல் நாளே தம்பியின் காரில் நான் சாரதி ஆசனம் என்று நினைத்து இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தேன், முன்னால் ஸ்ரேறிங் இல்லை. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம். மகளும் தம்பியின் மகனும் கண்டி வீதிக்கு அந்தப் பக்கம் உள்ள கடைக்கு ஐஸ்கிறீம் வாங்கப் போனார்கள். தம்பியின் மகனுக்கு ஆறு வயது. அம்மா ஒழுங்கை முகப்பில் பார்த்துக்கொண்டு நின்றா. நான் நாலடி தள்ளி, பழைய கூட்டாளி ஒருவனோடு கதைத்துக்கொண்டு நின்றேன்.

இங்கே குழந்தைகள் பள்ளியிலேயே பொலிஸ்காரர் வந்து படிப்பிப்பார், உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். கரையில் நில். இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், திரும்ப இடப்பக்கம் பார், பிறகு கட. என் மகள் கரையில் நின்றாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். திரும்ப இடப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் வெறுமை. காலை வைத்தாள்.

கிட்ட வருகிற வாகனம் அங்கே வலப்பக்கத்தால் வரும். ஒரு மினிபஸ், முன்னால் போன உழவு இயந்திரத்தை முந்திக்கொண்டு, ஹோணை அமத்திப் பிடித்தபடி வந்தது. அந்த ஹோண் சத்தத்துக்கு ஊர்ப்பிள்ளை என்றால் பின்னுக்குப் பாயும். அது "நான் வாறன், அங்கேயே நில்" என்கிற சத்தம். என் பிள்ளைக்கு ஹோண் என்றால் ஆரோ ஏசுகிற சத்தம். தன்னை ஏன் ஏசுகிறார்கள் என்று திகைத்து, வைத்த காலோடு நின்றுவிட்டாள். தம்பியின் மகன், அந்த ஆறு வயதுப் பெடியன்தான், அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் கரையில் மணலுக்குள் விழுந்தார்கள். பஸ் நிற்காமல் போய்விட்டது. அம்மா குழறிய சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். பயத்தில் கோபம்தான் வந்தது. "பார்த்துக் கடக்கத் தெரியாதோ?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "அப்பா, நான் மூன்று தரமும் பார்த்தனான்."

உறவுகளே, அவள் சொன்னது உண்மை. பிள்ளை ஒரு பிழையும் விடவில்லை. படிப்பித்ததைப் படிப்பித்தபடி செய்தாள். இங்கே அவளைக் காப்பாற்றுகிற அதே பழக்கம் அங்கே அவளைக் கொல்லப் பார்த்தது. பிழை விட்டது நான். இங்கே ஒரு பெடியனை ஒரு சாண் இடைவெளியில் தப்பவிட்ட பிறகும், பழக்கம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உடம்புக்குத் திரும்பப் படிப்பிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகும், என் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஏன்? அது என் ஊர். என் ஊரில் என் பிள்ளைக்கு என்ன ஆபத்து என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு அது புது நாடு. 2010 மார்கழியில் எனக்கு இந்த நாடு எப்படி இருந்ததோ, அப்படி.

அடுத்த நாள் காலை, கோயிலுக்குப் போக முன்னம், நானும் மகளும் ஒழுங்கை முகப்பில் அரை மணித்தியாலம் நின்றோம். கடக்கவில்லை, சும்மா பார்த்தோம். "கரையில் நிக்கிற உனக்குக் கிட்ட வாற வாகனம் எந்தப் பக்கத்தால வருது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வலக்கையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம்தான் முதலும் பார், கடைசியும் பார்" என்றேன். இடம், வலம் என்று சொல்லிக்கொடுத்தால் நாடு மாறப் பிழைத்துவிடும். கிட்ட வருகிற பக்கம் என்று சொல்லிக்கொடுத்தால் எந்த நாட்டிலும் பிழைக்காது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு இருபது தரம் கடந்தோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் மாஸ்ரரின் கணக்கு அது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கோ, லண்டனுக்கோ, அவுஸ்திரேலியாவுக்கோ கொண்டுபோகிற பெற்றோர், அங்கே எல்லாம் இடப்பக்கத்தால்தான் ஓடுகிறார்கள், போன முதல் நாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு றோட்டுக் கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். லண்டனில் கடக்கும் இடங்களில் நிலத்திலேயே "வலப்பக்கம் பார்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதை எழுத ஆளில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஹோண் அடித்தால் பின்னுக்குப் பாய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஊரில் இருந்து அம்மா, அப்பாவை இங்கே கூப்பிடுகிறவர்களும் இதைத்தான் செய்யுங்கள். அவர்கள் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். கோடு போட்ட கடவையில் கார் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்போம், ஆனால் றாம் நிற்க வேண்டியதில்லை, சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதிதாக லைசன்ஸ் எடுக்கிற தம்பி, தங்கைமாரே, கேள்விகளைப் பாடமாக்குங்கள், அது வேண்டும். ஆனால் பாஸ் பண்ணின கடதாசியோடு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். முதல் ஒரு வருசம், பச்சை எரியும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எனக்கு மட்டும் இல்லை." நான் இப்போதும் வலப்பக்கம் திரும்பும்போது சொல்லுகிறேன். பக்கத்தில் இருக்கும் மகள் சிரிப்பாள். பிறகு அவளும் சேர்ந்து தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பாள்.

புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கைவிசேடம் தருவது எங்கள் வழக்கம். காசாகத் தருவதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த அனுபவத்தைக் கைவிசேடமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு உங்கள் பிள்ளைகள் எந்த நாட்டு றோட்டில் இறங்கினாலும், முதலில் பார்க்க வேண்டிய பக்கத்தை முதலில் பார்த்து, பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.